அளவு சைக்கிள்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தில் சுருளியம்மாள், போனைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்ட ஒற்றை எண்ணைச் சொல்லாமல், கோயம்புத்தூரில் மழை உண்டா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், குரலைக் கேட்டால் சின்ன வயசாகத் தெரிகிறதே, கல்யாணம் ஆகிவிட்டதா என்று பேச்சை வளர்த்துக்கொண்டே போனாள். மறுமுனையில் இருந்த நவநீதன், சைக்கிள் விற்கிறவன், பொறுமைசாலி, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு மறுபடியும் அந்த எண்ணுக்கே வந்து நின்றான்.

"கல்யாணம் ஆயிருச்சுங்க்கா. பொண்ணோட உள்கால் அளவு எத்தனை சென்டிமீட்டருங்க? அதச் சொன்னீங்கன்னா ஃபிரேம் சைஸ முடிவு பண்ணிருவேன். ஒருக்கா ஆர்டர் போட்டா மாத்த முடியாதுங்க, அதுதான் திரும்பத் திரும்பக் கேக்கறேன்."

"வந்து ஓட்டிப் பாத்து வாங்க முடியாதா தம்பி?"

"ஓட்டிப் பாக்கக் கடையில வண்டியே இல்லைங்க்கா. அளவச் சொன்னாத்தான் பெட்டியே கெளம்பும்."

தையல் மெஷினுக்கு அந்தப் பக்கம் அவள் மகள் கௌசிகா நின்றுகொண்டிருந்தாள். பதினைந்து வயது முடிய இரண்டு மாதம் இருந்தது. ரெண்டு கையையும் மார்பில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல், வாயசைவில் மட்டும், எழுபத்தொன்பது, எழுபத்தொன்பது என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பள்ளிக்கூடத்து விளையாட்டு ஆசிரியை அவளைச் சுவரோடு நிறுத்தி, வெறுங்காலில், தொடைகளுக்கு நடுவே ஒரு தடிப்புத்தகத்தைச் சீட்டில் உட்கார்கிற மாதிரி இறுக்கி வைத்து, சுவரில் பென்சில் கோடு போட்டு, தரையிலிருந்து அந்தக் கோடு வரைக்கும் அளந்தபோது வந்தது எழுபத்தாறு. எழுபத்தாறு காலுக்கு ஐம்பதாம் நம்பர் ஃபிரேம் வேண்டும். ஐம்பது இப்போது எங்கேயும் இல்லை, வர ஒரு மாதம் ஆகும். ஐம்பத்திரண்டு சென்னையில் ஒன்றே ஒன்று இருந்தது, நாலு நாளில் வந்துவிடும், ஆனால் அதற்கு எழுபத்தொன்பது கால் வேண்டும். விளையாட்டு விடுதிக்கான தேர்வு பன்னிரண்டு நாளில். இந்த வருஷம் விட்டால் கௌசிகாவுக்கு வயது தாண்டிவிடும். அங்கே பந்தய ரோடு சைக்கிள் இல்லாதவர்களைத் தொடக்கக் கோட்டுப் பக்கமே விடமாட்டார்கள். ஏலக்காய் கோடவுன் முதலாளி ஒருவர், கௌசிகா மலை மெட்டுச் சாலையில் பதினேழு வளைவையும் நிற்காமல் மிதித்து ஏறுவதைத் தன் காரிலிருந்து பார்த்துவிட்டு, ஒரு சைக்கிள் நான் தருகிறேன், ஒன்றே ஒன்றுதான், எதென்று சொல்லுங்கள் என்றிருந்தார்.

வேறு ஊரில் வேறு அம்மாவாக இருந்தால் எழுபத்தாறு என்று சொல்லிவிட்டு ஒரு மாதம் காத்திருப்பாள், அல்லது கால் எட்டாவிட்டால் எக்கி மிதிக்கட்டும் என்று ஐம்பத்திரண்டை வாங்கிவிடுவாள். சுருளியம்மாளுக்கு இரண்டும் முடியாது. ஏனென்றால் அவள் எந்த உடம்புக்கு எந்த அளவைச் சொல்கிறாளோ, அந்த உடம்பு அந்த அளவாக ஆகிவிடும்.

அது எந்த வருஷம் தொடங்கியது என்று கேட்டால் தெருவில் ஆளுக்கொரு வருஷம் சொல்வார்கள். முதல் உடம்பு மொக்கத்தாயுடையது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை. மொக்கத்தாய் பக்கத்து வீடு, கோடவுனில் ஏலக்காய் சலிக்கிறவள். ஒரு தீபாவளிக்கு அவளுக்கு ஜாக்கெட் அளவெடுக்கும்போது டேப் முறுக்கிக்கொண்டதைக் கவனிக்காமல், கைச்சுற்று பதின்மூன்று என்று எழுத வேண்டிய இடத்தில் பத்து என்று எழுதி, பத்துக்கே வெட்டி, பத்துக்கே தைத்து, கொடுக்கிற நேரத்தில்தான் சுருளியம்மாளுக்குத் தப்பு தெரிந்தது. மொக்கத்தாய் போட்டுப் பார்த்தாள். தோலைப்போல ஒட்டிக்கொண்டது. கை மூன்று இஞ்ச் இளைத்துப் போயிருந்தது. "நல்லாத்தான் தச்சிருக்க மதினி" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குப் போனாள், அன்றைக்கு மூட்டையைத் தூக்க முடியவில்லை, மறுநாளிலிருந்து சின்னச் சல்லடைக்கு மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் தெரு அதைப் பழகிக்கொண்டது. குழாயில் தண்ணீர் வருகிற நேரம் மாறினால் எப்படிப் பழகிக்கொள்வார்களோ அப்படி. இடுப்பைக் குறைத்து எழுதச் சொல்லி வந்தார்கள், கழுத்தை நீட்டி எழுதச் சொல்லி வந்தார்கள், பொம்பளைத் தையல்காரி வீட்டுக்குள் ஆம்பளை வருவதாவது என்று பேசியவர்களே போலீஸ் வேலைக்கு மார்பளவு எடுக்கிற வாரத்தில் தங்கள் பையன்களைப் பின்வாசல் வழியாக அனுப்பி வைத்தார்கள். அப்படி எழுதப்பட்ட ஒருவன் இன்றைக்கும் பெரியகுளத்தில் காவலராக இருக்கிறான், லீவில் வந்தால் அவன் வீட்டுக் கதவில் பக்கவாட்டில்தான் நுழைகிறான். பெண் பார்க்க வருகிறவர்கள் காபி டம்ளரைக் கீழே வைத்ததும், "இது பொறந்த அளவா, சுருளி அளவா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதில் யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. வளர்கிற பிள்ளைதானே என்று பழக்க தோஷத்தில் ரெண்டு விரல் கூட்டிச் சொல்லிவிட்டதில், ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஒன்றுக்கு அன்றைக்கே ரெண்டு கையும் ரெண்டு விரல் நீண்டுவிட்டது. குனியாமலே முழங்காலைச் சொறிந்துகொள்ளும். அந்தக் குழந்தையின் அம்மா, "பரண்ல இருக்கிறத எல்லாம் எம் மகதான் எடுத்துக் குடுக்கிறா" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

ஆனால் ஒரு உடம்பு ஒரு தடவைதான் கேட்கும். திருத்தி எழுதினால் கேட்காது, அழுது எழுதினால் கேட்காது, சிவப்பு மையில் எழுதினாலும் கேட்காது. எழுதினதுதான் கடைசிவரைக்கும். கீழத்தெரு புஷ்பம் கல்யாணத்துக்கு முன்னால் இடுப்பு இருபத்தாறு என்று எழுதி வாங்கிக்கொண்டு போனாள். அடுத்த வருஷம் பிள்ளை உண்டானபோது இடுப்பு இருபத்தாறாகவே நின்றது, வயிற்றுக்குள் இடமில்லாமல் பிள்ளை மேலே மேலே ஏறி, ஒன்பது மாதமும் அவள் உட்கார்ந்தபடியே மூச்சு விட்டு, உட்கார்ந்தபடியே தூங்கினாள். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள். புஷ்பம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் சுருளியம்மாள் அன்றிலிருந்து டேப்பைக் கையில் எடுக்கும்போதெல்லாம் புஷ்பத்தை நினைத்துக்கொண்டாள்.

அதனால்தான் அவள் தன் மகளை மட்டும் ஒருநாளும் அளந்ததில்லை. போன வருஷத்துச் சீருடையைத் தரையில் விரித்து, அதைச் சுற்றிச் சாக்பீஸில் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே வெட்டித் தைத்துவிடுவாள். பதினைந்து வருஷமாக அந்தப் பிள்ளையின் உடம்பு அம்மாவின் வாயிலிருந்து ஒரு எண்கூடக் கேட்காமல், அதுபாட்டுக்கு வளர்ந்தது.

இப்போது போன் காதில் இருந்தது.

"யக்கா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி."

"ஊர்ல எல்லாருக்கும் எழுதுன" என்றாள் கௌசிகா, மெதுவாக, போனுக்குக் கேட்காதபடி. "போலீசுக்குப் போறவனுக்கு எழுதுன. எனக்கு மூணு சென்டிமீட்டரு. மூணே மூணு. சொல்லும்மா."

"வலிக்கும்டி."

"வலிக்கட்டும். மெட்டு ஏறும்போது வலிக்கலையா?"

"அதுக்கப்புறம் வளரவே மாட்ட. அப்படியே நின்னுபோவ."

"நின்னா நிக்குது. இந்த வருசம் போகலேன்னா நானும் அத்தை கூட ஏலக்கா சலிக்கத்தான போவேன். அதுக்கு எந்தக் காலு இருந்தா என்னா?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மொக்கத்தாய், "ஏன், ஏலக்கா சலிக்கிறது உனக்கு அம்புட்டு எளப்பமாப் போச்சாடி?" என்றாள், பிறகு சுருளியம்மாளைப் பார்த்து, "சொல்லித் தொலையேன் மதினி. பிள்ளை ஆசப்படுது" என்றாள்.

சுருளியம்மாள் வாயைத் திறந்தாள். ஆறாம் வகுப்போடு நின்றவள் அவள். எண்களை அவள் படித்தது புத்தகத்திலிருந்து இல்லை, டேப்பிலிருந்து. அதுவும் இஞ்ச் பக்கத்தை மட்டும்தான் அவளுக்குத் தெரியும், சென்டிமீட்டர் பக்கம் எப்போதும் அளக்கிற உடம்பைப் பார்த்தபடி யாருக்கும் வேண்டாததாகக் கிடக்கும். மகள் முகத்தைப் பார்த்தாள். சரி, எழுபத்தொன்பது என்று சொல்லிவிடலாம் என்றே முடிவு பண்ணினாள். "எழுபத்து..." என்று தொடங்கினாள். அந்த இடத்தில், நாக்கின் நுனியில், இருபத்தைந்து வருஷப் பழக்கம், வளர்கிற பிள்ளைதானே, ரெண்டு கூட்டிச் சொல்லு என்று உந்தியது. அடுத்து வரப்போவது என்ன எண் என்று அவளுக்கே தெரியவில்லை. எழுபத்தாறா, எழுபத்தொன்பதா, அதற்கும் மேலேயா. அவள் தன் கையாலேயே தன் வாயைப் பொத்திக்கொண்டாள். போன் கீழே விழுந்தது.

தொப்பென்று இன்னொரு சத்தமும் கேட்டது. கௌசிகா உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்தாளா, விழுந்தாளா என்று சொல்ல முடியாது. அவளுடைய ரெண்டு காலும் இடுப்பிலிருந்து, ஈரத்துணி கொடியிலிருந்து நழுவுகிற மாதிரி நழுவிவிட்டன. பாதி எண்ணைக் கேட்டுவிட்ட கால்கள், இருந்த அளவை விட்டுவிட்டு, மீதி எண்ணுக்காகக் காத்துக்கொண்டு, பிடிமானமில்லாமல் கிடந்தன. காலையில் இழுத்துப் பார்த்தால் நீளமாக இருந்தன, மத்தியானம் மடக்கி வைத்தால் குட்டையாக இருந்தன, யார் தொட்டாலும் தொட்டவர் கைக்குத் தக்கபடி மாறிக்கொண்டு, நிற்க மட்டும் மாட்டோம் என்றன.

டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். "எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அளவுதான் இன்னும் வரல" என்று சொல்லி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து, "வீட்ல பேசி ஒரு முடிவுக்கு வாங்கம்மா" என்று அனுப்பிவிட்டார்.

வீடு முழுக்கப் பேச்சாக இருந்தது. கேரளாத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பை ஓட்டுகிற சுருளியம்மாளின் புருஷன் தவமணி, மூன்று நாள் வண்டி எடுக்காமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். "பாதியச் சொன்னவ மீதியச் சொல்லாம எப்படி? ஆறுன்னு சொல்லு, இருந்தபடி இருந்துட்டுப் போகட்டும்" என்றார். ஆறு என்று அந்த வாத்தியாரம்மா அளந்தது சரிதானா, புத்தகத்தை இறுக்கிப் பிடித்தாளா, டேப் தொய்ந்ததா என்று யாருக்குத் தெரியும். இனி அளந்து பார்க்கலாமென்றால் அளக்கக் கால் இல்லை. அப்படியே சரியாக இருந்தாலும் எழுபத்தாறு என்று சொன்ன நிமிஷத்திலிருந்து அந்தப் பிள்ளை கிழவியாகும்வரை எழுபத்தாறு. கோடவுன் பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் கும்பலாக வந்து, ஒன்பதுதான், தயங்காமல் சொல்லு, விடுதிக்குப் போனால் முட்டையும் பாலும் தருவார்கள் என்றார்கள். புஷ்பமும் வந்தாள். கதவோரம் நின்று, தன் இருபத்தாறு இடுப்பின்மேல் கையை வைத்துக்கொண்டு, கௌசிகாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விட்டாள்.

சுருளியம்மாள் வாயே திறக்கவில்லை. எத்தனை இட்லி என்று கேட்டால் விரலைக் காட்டினாள். மணி என்ன என்று கேட்டால் கடிகாரத்தைக் கையால் காட்டினாள். எந்த எண்ணை எங்கே சொன்னாலும் அது உள்ளறையில் படுத்திருக்கிற கால்களின் காதில் விழுந்துவிடும் என்று பயந்தாள். நவநீதன் தினமும் கூப்பிட்டான். "ஐம்பத்திரண்ட இன்னொருத்தர் கேக்கறாங்கக்கா, சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான் பிடிச்சு வெக்க முடியும்" என்றான். கட்டிலில் படுத்தபடி கௌசிகா கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் ரெண்டு நாள் கெஞ்சினாள். மூன்றாம் நாள் திட்டினாள். நாலாம் நாள், "ம்மா, நீ எதையாச்சும் சொல்லும்மா. எந்த நம்பரா இருந்தாலும் சரி. எனக்கு நின்னாப் போதும்" என்றாள். கெஞ்சியதையும் திட்டியதையும் சுருளியம்மாளால் தாங்க முடிந்தது, இதைத் தாங்க முடியவில்லை.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை காலையில் மொக்கத்தாய் ஒரு மஞ்சள் பையோடு வந்தாள். "உனக்கு இருக்கிற கஷ்டத்துல இத எப்படிக் கேக்கிறதுன்னு தெரியல மதினி. எந் தங்கச்சி மகளுக்கு அடுத்த மாசம் சடங்கு. தங்கச்சிக்கு ஒரு ஜாக்கெட்டு. ஆள் வரல, அளவு ஜாக்கெட்டு குடுத்து விட்ருக்கா."

பழக்கத்தில் சுருளியம்மாளின் கை நோட்டை எடுத்தது, பேனாவை எடுத்தது, பெயரைக் கேட்டு எழுதியது, பெயருக்குப் பக்கத்தில், எண் எழுதுகிற இடத்தில், அளவு ஜாக்கெட்டோடு வருகிறவர்களுக்கு எப்போதும் எழுதுகிற மாதிரி, அளவு ஜாக்கெட்படி என்று எழுதியது. எழுதிய கை அப்படியே நின்றது.

"மதினி" என்றாள், ஐந்து நாளில் முதல் பேச்சாக. "ஒந் தங்கச்சி எத்தன வருசமா அளவு ஜாக்கெட்டு குடுத்து விடுறா?"

"அவ எங்க வந்தா? எப்பவும் குடுத்துதான் விடுவா."

"அவளுக்கு என்னமும் ஆச்சா?"

"என்னா ஆகும்? ரெண்டு பிள்ளப் பெத்து ஊதிப்போனா, சுகர் வந்து வத்திப்போனா. அவபாட்டுக்கு இருக்கா."

சுருளியம்மாள் நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். பழைய ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போன அத்தனை பேரையும் பெயர் பெயராக, விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். ஒருத்திகூட மாறவில்லை, மாறினவர்களும் காய்ச்சலால், பிள்ளைப்பேற்றால், வயதால், எல்லாரையும்போல மாறினவர்கள். எண் சொல்லாத உடம்பை யாரும் பிடித்து நிறுத்தவில்லை. ஆனால் கௌசிகாவின் கால்களுக்கு எது அளவு ஜாக்கெட்? சீருடைப் பாவாடை காலைச் சொல்லாது. செருப்பு பாதத்தைச் சொல்லும், காலைச் சொல்லாது.

வாசலில் வேப்பமரத்தில் சாய்ந்து, அஞ்சு நாளாகத் தொடுவாரில்லாமல், கௌசிகாவின் பழைய சைக்கிள் நின்றது.

அது தவமணி யாரிடமோ வாங்கிய, பெயர் அழிந்துபோன கனத்த சைக்கிள். கௌசிகா வளர வளர சீட்டுக் கம்பியை ஒவ்வொரு விரற்கடையாக ஏற்றி, கடைசியாக ஏற்றிய இடத்தில் வழுக்காமல் இருக்க டியூப் ரப்பரைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஹேண்டில்பாரில் அவள் உள்ளங்கை பட்ட இடம் மட்டும் பளபளத்தது. பெடலில் அவள் பாதம் அழுத்தி அழுத்திக் குழி விழுந்திருந்தது. சீட்டின் தோல் அவள் உட்கார்கிற சாய்மானத்துக்குத் தேய்ந்திருந்தது. சுருளியம்மாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். இருபத்தைந்து வருஷமாகத் துணியிலிருந்து உடம்பைக் கண்டுபிடித்தவளுக்கு, அந்த இரும்பில் தன் பிள்ளை உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"தூக்குங்க அவள" என்றாள்.

தவமணியும் மொக்கத்தாயும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி வந்து, ஸ்டாண்ட் போட்ட சைக்கிளில் உட்கார வைத்தார்கள். கால்கள் ரெண்டும் துவண்டு தொங்கின. சுருளியம்மாள் மண்டியிட்டு, ஒவ்வொரு பாதமாக எடுத்து அந்தந்தக் குழியில் வைத்தாள். தெரு கூடிவிட்டது. "ஒன்பதா ஆறா?" என்று கூட்டத்தில் யாரோ கேட்க, "வாய மூடு" என்று புஷ்பம் கத்தினாள், அவள் கத்தி யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. சுருளியம்மாள் நோட்டை முழங்கால்மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். கௌசிகா. அளவு சைக்கிள்படி.

வெள்ளைத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. கௌசிகா அம்மா என்று அலறினாள். பிறகு அவள் வலது முழங்கால் நிமிர்ந்தது, பெடல் கீழே போனது, பின்சக்கரம் ஸ்டாண்டில் நின்றபடியே ஒரு சுற்றுச் சுற்றியது.

அவளை இறக்கி நிறுத்திவிட்டு, சுருளியம்மாள் அடுத்த காரியத்தை யாரிடமும் கேட்காமல் செய்தாள். சைக்கிளை அவளே தள்ளிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போய், கோயம்புத்தூர் பஸ்ஸின் கூரையில் ஏற்றி, தாம்புக்கயிற்றால் கட்டி, சீட்டில் ஒரு துண்டுக் காகிதத்தைத் தைத்துவிட்டாள். அதில், தம்பிக்கு, இது அளவு சைக்கிள், இதற்குச் சரியாகக் கொடுக்கவும், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம் என்று எழுதியிருந்தது.

மறுநாள் நவநீதன் கூப்பிட்டான். அவனுக்கு ஆச்சரியமே இல்லை. "ஓட்டிப் பாக்க முடியாதப்ப இதுதானுங்க்கா சரியான வழி. பழகுன வண்டி பொய் சொல்லாது. சீட்டு உயரம், ஹேண்டில் தூரம் எல்லாம் எடுத்துட்டேன். நம்பரு..."

"நம்பர எங்கிட்டச் சொல்லாத தம்பி."

"சரிங்க்கா. ஆனா ஐம்பத்தி... அந்தப் பெரிசு இவளுக்கு ஆகாது. போட்டிருந்தா முட்டி போயிருக்கும். ஆகறது வர ஒரு மாசம்."

"தெரியும்" என்றாள் சுருளியம்மாள்.

தேர்வு நாளன்று கௌசிகா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அம்மாவோடு பேசவில்லை. கால்கள் நன்றாக இருந்தன, நடந்தாள், தண்ணீர் எடுத்து வந்தாள், கோடவுனுக்கு அத்தை பின்னால் ரெண்டு நாள் போய்க்கூட வந்தாள். பேச்சு மட்டும் இல்லை. சுருளியம்மாள் அதையும் தாங்கிக்கொண்டாள், வேறென்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தேர்வு முடிந்து பத்தொன்பதாம் நாள் பெட்டி வந்தது. பழைய சைக்கிளும் கூடவே திரும்பி வந்தது. தவமணி பூட்டிக் கொடுத்தார். கௌசிகா யாரையும் பார்க்காமல் ஏறி உட்கார்ந்தாள், குனிந்து ஹேண்டிலைப் பிடித்தாள், காலை நீட்டிப் பெடலைத் தொட்டாள், தொட்ட காலை அங்கேயே வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் இருந்தாள்.

"சரியா இருக்கும்மா" என்றாள்.

ஜாக்கெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு ஊரில் எல்லாரும் சொல்கிற அதே வார்த்தை. பிறகு கிளம்பி, தெருவைத் தாண்டி, மெட்டுச் சாலைப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். அவளை எந்த விடுதியும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கவில்லை. போகிற வேகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அவள் திரும்பி வருவதற்குள் சுருளியம்மாள் கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றி, மெஷின் பலகையில் நீளமாக விரித்து, ஒரு துண்டு உப்புத்தாளை எடுத்துக்கொண்டாள்.

"என்னா மதினி பண்ற? அப்புறம் எப்படித் தைப்ப?" என்றாள் மொக்கத்தாய்.

"அளவு ஜாக்கெட்டு கொண்டாங்க."

"எனக்கு இந்த இடுப்பக் கொஞ்சம் எழுதலாம்னு இருந்தேனே."

"உன்னத்தான் எழுதியாச்சுல்ல. போ மதினி."

முதலில் இஞ்ச் பக்கத்தைத் தேய்த்தாள், ஒன்றிலிருந்து தொடங்கி, ஒன்றையும் விடாமல். பிறகு புரட்டிப் போட்டு, இதுவரை யாருக்கும் வேண்டாமல் கிடந்த அந்தப் பக்கத்தைத் தேய்த்தாள். எழுபத்தாறு வந்ததும் நின்று, வாசலைப் பார்த்து, அதை ரெண்டு தடவை தேய்த்தாள். எழுபத்தொன்பதையும் ரெண்டு தடவை. மற்றதையெல்லாம் ஒரு தடவை. நாடா வெள்ளையானதும் அதை உதறி, மறுபடியும் கழுத்தில் போட்டுக்கொண்டு, மஞ்சள் பையிலிருந்த ஜாக்கெட்டைத் தரையில் விரித்தாள்.